சாவிக்கொத்துச் சத்தம்

எங்கள் ஸ்ரூடியோவில் மிக்ஸர் மேசையின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமத்திக்கொண்டு பேசினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பாட்டுக்காரருக்கு ஹெட்போனில் கேட்கும். விரலை எடுத்தால் கேட்காது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியும் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. வயர் சுற்றுவேன், மைக் கட்டுவேன், நாடா மாட்டுவேன், கசெற் பிரதி எடுப்பேன். பேசுவது முதலாளியின் வேலை. "இன்னொரு தடவை பாடுங்கள்", "சுருதி இறங்கிவிட்டது" என்றெல்லாம் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. அது அவருக்கும் தெரியும்.

அவரை நான் ஷெஃப் என்றுதான் கூப்பிட்டேன். சுவிஸில் சம்பளம் தருகிற எவரும் ஷெஃப்தான். ஹோட்டலில் கோப்பை கழுவுகிற எங்கள் ஆட்களும் திட்டு வாங்கிவிட்டுத் தமிழில் கதைக்கும்போது, "இண்டைக்கு ஷெஃப் பேசிப்போட்டான்" என்றுதான் சொல்வார்கள். நான் "பேசிப்போட்டார்" என்பேன். அந்த ஒரு 'ர்'ருக்காக என்னைக் கனகாலம் பகிடி பண்ணினார்கள்.

ஸ்ரூடியோ ஓல்டனில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், முன்பு தோல் வைத்திருந்த ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாடகை குறைவு. ஏன் குறைவு என்று முதல் நாளே விளங்கிவிடும். நாட்டின் எல்லாப் பாதைகளும் வந்து வெட்டிக்கொள்கிற ஊர் அது. ரயில் போனால் நிலம் அதிரும், மைக் அதைப் பிடித்துவிடும். அதனால் சுவரில் ஒரு ரயில் நேர அட்டவணை தொங்கியது. பயணிகள் ரயில்கள் நாலா பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேரும், ஒரே நேரத்தில் கிளம்பிப் போகும். பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அந்த அமைதிக்குள்தான் நாங்கள் பதிவு செய்வோம். பாட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருப்பார்கள்.

சாமான் ரயில்களுக்கு அட்டவணை இல்லை. அதற்கு ஷெஃப்தான் அட்டவணை. திடீரென்று கையை உயர்த்துவார். எனக்கு ஒன்றும் கேட்காது. அவர் பொத்தானை அமத்தி, "பொறுங்கள்" என்பார். கொஞ்ச நேரத்தில் மேசையில் இருக்கும் கோப்பியில் மெல்லிய வளையங்கள் வரும். அதற்குப் பிறகுதான் என் காதுக்கு ரயில் வரும்.

நான் அங்கே முதலில் போனது துடைக்க. துப்புரவு நிறுவனம் என்னை அனுப்பியது. ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிற ஒருவரிடம் வேலை செய்திருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நிலத்தைத் துடைக்கிறபோது சிக்கிக் கிடந்த வயர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே என்று முறுக்கு விழாமல் சுற்றிக் கொளுவிவிட்டேன். அடுத்த நாள் ஷெஃப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் சுற்றியது என்று கேட்டார். பிழை செய்துவிட்டேன் என்று நினைத்து, மன்னியுங்கள் என்றேன். அப்படித்தான் வேலை கிடைத்தது. எனக்காக அவர் கன்டோன் என்கிற மாநில அலுவலகத்துக்குப் பல தடவை ஏறி இறங்கி அனுமதி எடுத்தார். என் வதிவிட அட்டையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் முதல் கேள்வியே, "இன்னும் அதே வேலைதானா?" என்பதுதான். ஓம் என்று சொல்ல முடிகிற வரைக்கும் எனக்கும் மனைவிக்கும் நித்திரை வரும்.

ஷெஃப் பெரிய உடம்புக்காரர். மேல் சட்டையில் எப்போதும் சுருட்டு மணக்கும். அவருடைய காதைப் பற்றி ஓல்டனில் கதைகள் இருந்தன. பாடுகிறவரின் கைக்கடிகாரம் துடிப்பது பதிவில் விழுகிறது என்று கழற்றி வைக்கச் சொல்வார். பியானோ வாசிக்கிறவரின் கால்சட்டைத் துணி உரசுவதைச் சொல்வார். ஜோடல் என்கிற மலைப் பாட்டுச் சங்கங்கள், ஊதுகுழல் குழுக்கள், தேவாலயப் பாடகர்கள் எல்லாம் அந்தக் காதுக்காகத்தான் எங்களிடம் வந்தார்கள். ரயில் சத்தத்தைத் தாண்டி வந்தார்கள்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது எங்கள் ஆட்களின் பதிவு ஒன்றில்.

பிரெஞ்சு பேசுகிற லோசானில் இருந்த ஒரு மன்னார் அண்ணை, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவர், ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார். கத்தோலிக்கர் தவக்காலத்தில் பாடுகிற புலம்பல் பாட்டுகளைக் கசெற்றாகப் போட வேண்டும், அது தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல் கைக்கு வர வேண்டும் என்றார். வந்தவர்கள் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். எழும்பி நின்று பாடினால் புலம்பல் வராது என்றார் அண்ணை. நான் மைக் கால்களை எல்லாம் அரைவாசிக்கு இறக்கிவிட்டேன். நல்லாகத்தான் பாடினார்கள். ஷெஃப்பே இருந்து ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் சேர்த்துக் கலவை செய்து, மாதிரிக் கசெற் ஒன்றையும் தானே எடுத்துக் கொடுத்தார்.

ஒரு கிழமைக்குப் பிறகு அண்ணை ரயிலேறி ஓல்டனுக்கு வந்தார். ஸ்ரூடியோவுக்கு வரவில்லை. என்னை ரயில் நிலையத்துக் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, குறை சொல்லுறன் எண்டு நினையாதையும்," என்று தொடங்கினார். "இது பாட்டோ, சைக்கிள் ரயர் காத்துப் போற சத்தமோ?"

நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"சேசுவே, சேசுவே எண்டு நாங்கள் அழுதெல்லோ பாடினது. இதிலை கேட்டால் அவரைப் பாத்துப் பாம்பு மாதிரிச் சீறுறம். என்ரை மனுசி, இதைப் போட்டால் பெரிய வெள்ளிக்கு ஒருத்தரும் கோயிலுக்கு வராயினம் எண்டுறாள்."

உங்கள் கசெற் பிளேயர் சரியில்லாமல் இருக்கும் என்றேன். மூன்று பிளேயரில் போட்டுப் பார்த்ததாகவும், மருமகனின் புதுப் பிளேயரில் இன்னும் மோசம் என்றும் சொன்னார். "உம்மடை வெள்ளையருக்கு ஒருக்காச் சொல்லும்," என்றார். நான் ஓம் என்றேன்.

திரும்பி வந்து மூல நாடாவைப் போட்டுக் கேட்டேன். அண்ணை சொன்னது சரி. ஷெஃப் ட்ரெபிள் குமிழை, அதாவது மேல் சத்தத்தைக் கூட்டுகிற குமிழை, ஒருவரும் வைக்காத இடத்தில் வைத்திருந்தார். சொல்லிலே 'ச' வருகிற இடமெல்லாம் ஊசியால் குத்தியது. ஏதோ அவசரத்தில் கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். கதவு வரைக்கும் போனேன். அவர் உள்ளே தேவாலய ஓர்கன் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி, சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதிலும் ஊசி குத்தியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கை படவில்லை. அவருக்குக் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில், சோறு போடுகிற ஆளிடம் போய் உங்கள் காது போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்குக் கண் மங்கினால் பேப்பரை நாங்களே வாசித்துக் காட்டுவோமே ஒழிய, கண் மங்கிவிட்டது என்று சொல்ல மாட்டோம். நானும் அதைத்தான் செய்தேன். கசெற் பிரதி எடுப்பது என் வேலை. மூல நாடாவுக்கும் பிரதி எடுக்கிற மெஷினுக்கும் இடையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொளுவி, மேல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பிரதி எடுத்தேன். புலம்பல் பழையபடி புலம்பலானது. அண்ணை லோசானில் இருந்து ஷெஃப்புக்கே போன் எடுத்து, தன்னுடைய பிரெஞ்சில் நீண்ட நேரம் நன்றி சொன்னார். ஷெஃப் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். உங்கள் ஆட்களுக்கும் என் காது பிடித்திருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு எந்தக் கசெற் போனாலும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போனது. அவர் குமிழைக் கூட்டக் கூட்ட நான் குறைத்தேன். வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள். பாராட்டக் கேட்டு அவர் இன்னும் கூட்டினார்.

ஆனால் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ பிடிபடாமல் இருந்தது. பாட்டுக்காரர் எல்லாம் இப்போது வாய்க்குள் பாடுகிறார்கள் என்று எரிச்சல்பட்டார். ஸ்பீக்கர் மங்கிவிட்டது என்று புதிது வாங்கினார். அதுவும் மங்கல் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நீ ஒட்டின வயர்களில்தான் பிழை, சத்தத்தின் பளபளப்பு அங்கேதான் போகிறது என்றார். நான் நல்ல வயர்களை எல்லாம் அறுத்துத் திரும்ப ஒட்டினேன். ஈயப் புகை கண்ணில் அடிக்க, அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டி முடிந்ததும் கேட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் அப்படியேதான் என்றார். என் கையில் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது அவருக்கு. இவன் வேண்டாம் என்று எந்த நாள் சொல்லப் போகிறாரோ என்று எனக்கு இருந்தது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி உண்மையைச் சொல்வது. அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். சாப்பிடுகிற நேரம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, இதிலே யோசிக்க என்ன இருக்கிறது என்றாள். அவளுடைய இல்லத்தில் அப்படிக் காது மங்கின ஒருவர் இருந்தாராம். மகள்மாரும் தாதிமாரும் அவர் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமலே விட்டார்களாம். அவரோ, எல்லாரும் தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்று நினைத்து, கடைசியில் ஒருவருடனும் பேசாமல் விட்டுவிட்டாராம்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் அவரின்ரை காதை மறைக்கேல்லை," என்றாள். "அவரைத்தான் அவருக்கு மறைக்கிறியள்."

"எப்பிடிச் சொல்லுறது?"

"வாயாலைதான்."

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஜோடல் சங்கம் வந்தது. தொண்டையை மாற்றி மாற்றி அடிக்குரலுக்கும் உச்சத்துக்கும் தாவுகிற பாட்டு. சங்கத்தின் ஆண்டு நிறைவுக்கு ஒரு சீடி போட வேண்டும். கசெற் வேண்டாம், சீடி மட்டும்தான் என்றார் தலைவர். அவர் ஒரு தச்சுப் பட்டறை முதலாளி, கையிலே எப்போதும் மரத்தூள் இருக்கும். மற்ற ஊர்ச் சங்கங்கள் எல்லாவற்றிலும் அவருக்கு ஆட்களைத் தெரியும்.

மதியச் சாப்பாட்டில் ஷெஃப் என்னிடம் மறைக்காமல் சொன்னார். கசெற் காலம் முடிகிறது. சூரிச்சில் எல்லாரும் கம்பியூட்டர் வாங்கிவிட்டார்கள். இந்த ஒரு சீடி நல்லாக வந்தால் சுற்றியுள்ள சங்கங்கள் எல்லாம் எங்களிடம் வரும். வராவிட்டால் வசந்த காலத்தோடு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், நீ வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தார்.

சீடி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஷெஃப் கலவை செய்கிற சின்ன டிஜிட்டல் நாடா நேரே தொழிற்சாலைக்குப் போகும். அதில் உள்ளது அப்படியே தகட்டில் ஏறும். நடுவில் பிரதி இல்லை. என் பெட்டிக்கு இடமில்லை.

பதிவு நடந்த நாட்களில் அமைதி கிடைத்தது, குரல்களும் நல்லாயிருந்தன. ஒரு பாட்டில் மட்டும், முன்வரிசையில் நின்று தனியாகப் பாடுகிற அம்மா ஒருவரின் கைக்கடிகாரம் துடிப்பது எனக்குக் கேட்டது. டிக், டிக், டிக் என்று, அவர் கையை நெஞ்சில் வைக்கிறபோதெல்லாம். நான் ஷெஃப்பைப் பார்த்தேன். கடிகாரத் துடிப்புக்குப் பேர்போன மனிதர். தலையாட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் பொத்தானை அமத்தி, அருமை என்றார். என் விரல் மேசை ஓரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

கலவை செய்கிறபோது நான் பக்கத்தில் இருந்தேன். குமிழ் மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மாவின் குரல் உச்சத்துக்குத் தாவுகிற இடத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஷெஃப் திரும்பி, எப்படி என்று கேட்டார். நல்லாயிருக்கிறது ஷெஃப் என்றேன்.

ஒரு வழி இருந்தது. அவர் இல்லாத நேரம் இன்னொரு நாடாவில் குறைத்து எடுத்து, மாற்றி வைத்து அனுப்பலாம். வீட்டில் இருந்து யோசித்தேன். ஆனால் கசெற் பிரதி என் வேலை. அந்த நாடா அவருடைய வேலை. அதன் உறையில் அவர் தன் கையால் பெயர் எழுதி ஒப்பம் வைப்பார். அதை மாற்றினால் அது வேறு விஷயம். மனைவியிடம் கேட்கவும் இல்லை. அவள் என்ன சொல்வாள் என்று தெரியும்.

அடுத்த நாள் காலை போனபோது நாடா, முத்திரை ஒட்டிய உறைக்குள், மேசையில் இருந்தது. மத்தியானம் தபாலில் போகும் என்றார் ஷெஃப். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். ட்ரெபிளை இவ்வளவு கூட்ட வேண்டி வந்தது ஏன்? பெரிய மைக் பழுதாகிக்கொண்டு வருகிறது போல. அனுப்ப முதல் அதைப் பார்த்துவிட வேண்டும். நீ மேசையில் இரு, நான் உள்ளே போகிறேன் என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஹெட்போனை மாட்டினார். கால்சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மைக் சோதிக்க அவர் எப்போதும் செய்கிற வழி அது. சாவிக்கொத்தின் சத்தத்தில் மேல் சத்தங்கள் எல்லாம் இருக்கும். மைக் அதைப் பிடித்தால் எதையும் பிடிக்கும்.

மைக்குக்கு முன்னால் பிடித்து ஆட்டினார். என் ஸ்பீக்கரில் கண்ணாடி உடைகிற மாதிரிக் கொட்டியது. நான் கையால் சத்தத்தை இறக்கினேன்.

ஷெஃப் தலையை ஆட்டினார். "பார்த்தாயா? செத்துப்போச்சு," என்றார்.

மற்ற மைக்கைக் கொண்டு வந்தார். கொளுவினார், ஆட்டினார். அதுவும் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அவர் ஹெட்போனைக் கழற்றி, தட்டி, திரும்ப மாட்டினார். இன்னும் பக்கத்தில் பிடித்து ஆட்டினார். மூன்றாவது மைக், மிகவும் விலையானது, பெட்டிக்குள் பஞ்சு போட்டு வைத்திருந்தது. அதையும் எடுத்தார். ஆட்டினார். சாவிகள் பளிச்சிட்டன. அவருடைய கழுத்து சிவந்துகொண்டு வந்தது. மூன்று மைக்கும் ஒரே நாளில் சாகாது என்று அவருக்குத் தெரியாமலில்லை.

"அங்கே என்ன வருகிறது?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல், மைக்கைப் பார்த்துக் கேட்டார்.

நான் பேசாமல் இருந்தால், ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். அவர் வெளியே வருவார், மைக்குகளைத் திருத்த அனுப்புவார், என் வயரைத் திட்டுவார், உறை தபாலுக்குப் போகும். எல்லாம் அவருக்கு நோகாமல் நடக்கும். கண்ணாடி எங்களுக்கு நடுவில் இருந்தது. அது இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பொத்தானை அமத்தினேன்.

"ஷெஃப், மைக் நல்லாயிருக்கிறது."

அவர் நிமிர்ந்தார். அந்தப் பொத்தானிலிருந்து என் குரல் வந்ததை முதலில் அவரால் நம்ப முடியவில்லை போல.

"மூன்றும் நல்லாயிருக்கிறது," என்றேன். "எனக்குக் கேட்கிறது."

விரலை எடுக்க மறந்துபோனேன். என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும். அல்லது கேட்காமலும் இருந்திருக்கும். அவர் ஹெட்போனை மெல்லக் கழற்றித் தோளில் விட்டார். சாவிக்கொத்தைத் தன்னுடைய வலது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டினார். பிறகு இடது காது. பிறகு கையை நிறுத்தி, சாவிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, எது எந்தக் கதவுக்கு என்று பார்ப்பது போலப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"அப்படியென்றால் கசெற்றுகள்?" என்று கேட்டார்.

நான் அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டினேன். குமிழ் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவ்வளவு காலமாக என்றார். லோசான்காரர் வந்த நாளிலிருந்து என்றேன்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

மரியாதை என்பதற்கு என் ஜெர்மனில் சொல் இருந்தது. ஆனால் அந்தச் சொல் நான் சொல்ல நினைத்ததைச் சொல்லாது. "நீங்கள் ஷெஃப்," என்றேன்.

"அதனால்தான் சொல்லியிருக்க வேண்டும்," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோட்டைப் போட்டார். மேசையிலிருந்த உறையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறிப் போனார். தபால் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அதை அனுப்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. என்னிடமும் ஒரு சாவி இருந்தது. திறந்து உள்ளே போய், துடைத்த நிலத்தைத் திரும்பத் துடைத்தேன். வயர்களை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். போன் அடித்தது. எடுத்தால் அவராக இருக்கும், வேலை இல்லை என்பார். எடுக்காவிட்டால் வேலையில் இல்லை என்பார். எடுத்தேன். ஒருவர் பியானோப் பதிவுக்கு நாள் கேட்டார். ஷெஃப் வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். அட்டை புதுப்பிக்கிற மாதம் கிட்ட வந்துகொண்டிருந்தது. அவள் உப்புப் போட்டுவிட்டுக் கரண்டியோடு திரும்பினாள்.

"அவருக்குக் காது போச்சு. உங்களுக்கு வாய் வந்திட்டுது," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேலை போனால் என்ரை வேலை இருக்குத்தானே. இருந்து சாப்பிடுங்கோ," என்றாள். அவளுடைய வேலை அரை நேர வேலை. அட்டை புதுப்பிக்கிற அலுவலகத்துக்கு அது போதாது என்று இருவருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த நாள் காலை, படியில் பல கால்களின் சத்தம் கேட்டது. முன்னால் ஜோடல் சங்கத் தலைவர். அவருக்குப் பின்னால் பாட்டுக்காரர் எல்லாரும், வேலை உடுப்போடு. கடைசியாக ஷெஃப். கக்கத்தில் அதே உறை. முத்திரையின் மேல் தபால் அடையாளம் இல்லை. அதை மேசையில் வைத்தார்.

நான் எழும்பி நின்றேன். அவர் தன்னுடைய கதிரையில் இருக்கவில்லை. பின் சுவரோடு வாடிக்கையாளருக்கென்று போட்டிருந்த பழைய சோபாவில் போய் இருந்தார். இருந்ததும் அது கிரீச்சென்றது. அவருக்கு அது கேட்டதோ தெரியாது.

எல்லாருக்கும் முன்னால், தானே சொன்னார். காது வைத்தியரிடம் போய் வந்தேன், மேல் சத்தங்களை இனி என்னால் நம்ப முடியாது, இந்த நாடா பிழை, புதிதாகக் கலவை செய்ய வேண்டும், செய்யப் போவது இவன் என்று என்னைக் காட்டினார்.

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்கு ஜோடல் தெரியுமா?"

"உனக்கும்தான் தெரியாது," என்றார் ஷெஃப். "ஆனாலும் பாடுகிறாய்."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். மரத்தூள் மணம் வந்தது. நான் கலவைக்கு முந்தின பதிவு நாடாவை ஓடவிட்டு, ட்ரெபிள் குமிழை மெல்லக் கீழே கொண்டுவந்தேன். அந்த அம்மாவின் குரலில் இருந்த ஊசி போனது. குரல் மட்டும் நின்றது. தலைவர் கட்டிய கையை அவிழ்த்தார். அவ்வளவுதான்.

ஆனால் கடிகாரம் துடித்த பாட்டு இருந்தது. அதைக் குமிழால் எடுக்க முடியாது. திரும்பப் பாட வேண்டும். அதற்கு ஒருவர் சொல்ல வேண்டும். நான் திரும்பி சோபாவைப் பார்த்தேன். ஷெஃப் அசையவில்லை. அட்டவணை இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உதவி செய்யக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார் என்று விளங்கியது.

எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். பொத்தானை அமத்தினேன். அம்மா, தயவுசெய்து உங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்க முடியுமா என்றேன். என் ஜெர்மன் வழியிலே இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தது. அவர் தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழைய ஆள் மாதிரியே இருக்கிறான்," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டு கழற்றினார். அது மைக்கில் தெளிவாக விழுந்தது. பின்னால் சோபா ஒருமுறை கிரீச்சென்றது.

பயணிகள் ரயில்கள் கிளம்பிப் போய் முடிந்தன. அமைதி வந்தது. நாடா ஓடியது. அவர்கள் மூச்செடுத்துத் தொடங்கினார்கள். முதல் அடி நல்லாக வந்தது. இரண்டாவது அடி அதைவிட நல்லாக. இப்படியே முடிந்துவிட்டால் போதும் என்று நான் விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கண்ணாடியில் ஒரு நிழல் அசைந்தது. பின்னால் ஷெஃப்பின் கை. உயர்ந்திருந்தது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் குரல் உச்சத்துக்குத் தாவப் போகிற இடம். நிறுத்தினால் அந்த மூச்சு திரும்பக் கிடைக்காது. கை கீழே இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவருடைய இரண்டு பாதங்களும் நிலத்தில் அழுந்தப் பதிந்திருந்தன.

பொத்தானை அமத்தினேன். "நிறுத்துங்கள். ரயில் வருகிறது."

பாட்டு அறுந்தது. தலைவர் அண்ணாந்து பார்த்தார், சுற்றிப் பார்த்தார், கையை விரித்தார். எந்த ரயில் என்று அவருடைய வாய் அசைந்தது. நான் மேசையில் இருந்த கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதில் முதல் வளையம் வந்தது.